மறைநீர்: ஒரு சொல் விளக்கம்

ஒரு கிலோ கோதுமை விளைய ஏறத்தாழ 1,800 லிட்டர் நீர் தேவை என்பது உலகச் சராசரிக் கணக்கு. காயவைத்து மூட்டை கட்டிய பின் அந்த ஒரு கிலோவில் எஞ்சும் ஈரமோ 120 மில்லி அளவுதான். மற்றதில் பெரும்பகுதி இலைவழி நீராவிப்போக்காகவும் மண்ணிலிருந்து ஆவியாகவும் போய்விடுகிறது. விளைபொருளுக்காகச் செலவாகி, அப்பொருளில் கண்ணுக்குப் புலப்படாத இந்நீரையே ஆங்கிலத்தில் ‘விர்ச்சுவல் வாட்டர்’ என்கின்றனர்.

இலண்டன் பேராசிரியர் டோனி ஆலன் 1990-களின் தொடக்கத்தில் வழங்கிய சொல் இது. வறண்ட மத்திய கிழக்கு நாடுகள் நீர்ப் பற்றாக்குறையை எவ்வாறு சமாளிக்கின்றன என்று ஆராய்ந்தவர், அவை தானியமாக நீரை இறக்குமதி செய்கின்றன என்று விளக்கினார். முதலில் ‘பொதிந்த நீர்’ என்னும் பொருள்படும் சொல்லையே ஆண்டார். அது எவர் கவனத்தையும் ஈர்க்காததால் மாற்றிக்கொண்டார். இதற்காக 2008-இல் ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசு பெற்றார்.

தமிழில் சிலர் ‘மெய்நிகர் நீர்’ என்று எழுதுகின்றனர். கணினித் திரையில் தோன்றும் உலகுக்கு ‘மெய்நிகர்’ பொருந்தும். உண்மையிலேயே நிலத்தடியிலிருந்து இறைத்துச் செலவழித்த நீரை மெய்யைப் போன்றது என்பது பொருந்தாது. ‘பொதிநீர்’ என்றாலோ, நீர் மணிக்குள்ளேயே இருப்பதாகப் பொருள்பட்டு, மேற்சொன்ன 120 மில்லியில் வந்து முட்டிக்கொள்ளும். ஏற்கெனவே வழக்கில் உள்ள ‘மறைநீர்’ என்பதே தக்க சொல். ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை. மறைந்த நீர், மறைகின்ற நீர், மறையும் நீர் என முக்காலத்துக்கும் விரியும். (மறை என்பதற்கு வேதம் என்ற பொருளும் உண்டெனினும், இங்கு யாரும் மயங்கப் போவதில்லை.) ஒருவரோ ஒரு நாடோ நுகரும் மொத்த நீரைக் குறிக்கும் ‘நீர்த்தடம்’ இதனின் வேறு.

சவூதி அரேபியா, மழையால் எளிதில் நிரம்பாத தொன்மையான நிலத்தடி நீரை இறைத்து, சுழலும் தெளிப்புக் குழாய்களின்கீழ் பாலைவனத்தில் வட்ட வட்டமாகக் கோதுமை விளைவித்து, 1990-களின் தொடக்கத்தில் ஏற்றுமதியும் செய்தது. அது மறைநீர் ஏற்றுமதி. 2008-இல் அச்சாகுபடியைப் படிப்படியாகக் கைவிட முடிவெடுத்தது. பின்னர் நீரை மிகுதியாகக் குடிக்கும் குதிரைமசால் போன்ற பசுந்தீவனங்களுக்கும் கட்டுப்பாடு விதித்தது. இன்று கறவை மாடுகளுக்காக அந்நாட்டுத் துறைமுகங்களில் வந்திறங்கும் உலர்தீவனக் கட்டுகள், வேறொரு நாட்டு நிலத்தின் மறைநீர்.