இன்டர்நேஷனல் கேஸ் போட்டி நடத்தப் போகிறீர்களா? பொன்னாடைக்கு முன் பார்க்க வேண்டியவை

மே, ஜூன் மாதங்களில் ஏதாவது ஒரு மேலாண்மைக் கல்லூரியிலிருந்து போன் வரும். "சார், இந்த வருஷம் நம்ம கேஸ் காம்பெடிஷனை இன்டர்நேஷனலா பண்றதா இருக்கோம். ஜனவரியில. நீங்க கொஞ்சம் கைடு பண்ணணும்." சரி என்று போனால், டீன் அறையில் பட்ஜெட் ஷீட் தயாராக இருக்கும். முதல் வரி தொடக்க விழா. அடுத்தது சிறப்பு விருந்தினர். அதற்கடுத்து மேடை, எல்.இ.டி. திரை, நினைவுப் பரிசு. கேஸை, அதாவது அணிகள் தீர்க்க வேண்டிய நிறுவனச் சிக்கலை, யார் எழுதுகிறார்கள் என்பதற்கு மட்டும் அதில் வரியே இருக்காது.

நிர்வாக ஆலோசனைத் துறையில் இருப்பதால் இந்தப் போட்டிகளில் நடுவராகவும், கேஸ் எழுதுபவனாகவும், ஏற்பாட்டாளர்களுக்குத் துணையாகவும் பல வருஷமாக இருந்து வருகிறேன். வந்தவர்களை உபசரிப்பதில் நம் கல்லூரிகள் குறையே வைப்பதில்லை. கோட்டை விடுவது எல்லா அணிக்கும் ஒரே மாதிரி வாய்ப்பு கொடுப்பதில். சொந்தக் காசில் விமானம் ஏறி வந்த மாணவன், சாப்பாடு சுமாராக இருந்தால் மறந்துவிடுவான். போட்டி நியாயமாக நடக்கவில்லை என்று தோன்றிவிட்டால் அவன் கல்லூரியிலிருந்து அடுத்த வருஷம் ஒருவரும் வர மாட்டார்கள். இந்த வட்டாரம் ரொம்பச் சின்னது. அணிகளைக் கூட்டி வரும் பேராசிரியர்கள் மான்ட்ரியலிலும் பாங்காக்கிலும் சிங்கப்பூரிலும் திரும்பத் திரும்பச் சந்தித்துக்கொள்பவர்கள். பேச்சு பரவ நேரமாகாது.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சுருக்கம். ஒரு நிறுவனத்தின் நிஜமான சிக்கலைப் பதினைந்து இருபது பக்கத்தில் எழுதிக் கொடுத்து, 'நீங்கள் நிர்வாகியாக இருந்தால் என்ன செய்வீர்கள்' என்று கேட்பதுதான் கேஸ். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் 1921-இல் ஒரு காலணி நிறுவனத்தைப் பற்றி எழுதியதில் இந்த வகை எழுத்து தொடங்கியது. 1961-இல் ஆரம்பித்த அகமதாபாத் ஐ.ஐ.எம். ஹார்வர்டின் கூட்டுறவோடு அதை இங்கே கொண்டுவந்தது. போட்டி என்று பார்த்தால், மான்ட்ரியலில் கன்கார்டியா பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ. மாணவர்கள் 1981-இல் ஆரம்பித்தது இன்று ஜான் மோல்சன் பெயரில் உலகம் முழுவதிலுமிருந்து அணிகளை வரவழைக்கிறது. அங்கே ஒரு கேஸைப் படித்து, அலசி, நடுவர்கள் முன் சொல்லத் தயாராவதற்குக் கொடுப்பது மூன்று மணி நேரம். இளநிலை மாணவர்களுக்கான போட்டிகளில் இருபத்துநான்கு மணி, நாற்பத்தெட்டு மணி என்று நீளும். சியாட்டில், கோபன்ஹேகன், ஹாங்காங், சிங்கப்பூர், பாங்காக் எல்லாவற்றிலும் பேர் பெற்ற போட்டிகள் உண்டு. பலவற்றை நடத்துவது மாணவர்களேதான்.

இனி கேஸுக்கு வருவோம். பாதி வில்லங்கம் இங்கேதான். கடையில் விற்கும் பழைய கேஸை எடுத்துக் கொடுத்தால் தீர்வு இணையத்தில் இருக்கும். வகுப்பில் அதை ஏற்கெனவே படித்த அணியும் இருக்கும். அதனால் புதிதாகத்தான் எழுத வேண்டும், அதற்கு ஒரு நிறுவனம் சம்மதிக்க வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனம் என்றால் கூடுதல் கவனம் தேவை. வெளியே சொல்லாத விற்பனைக் கணக்கையோ, வாங்கப் போகும் கம்பெனியின் பெயரையோ ஆர்வக்கோளாறில் ஒரு மேனேஜர் கேஸில் சேர்த்துவிட்டால், பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2015-ஆம் வருஷத்து உள் வர்த்தக (இன்சைடர் டிரேடிங்) தடை விதிகள் குறுக்கே வரும். நிறுவனத்தின் கம்பெனி செக்ரட்டரி ஒருமுறை படித்துக் கையெழுத்துப் போடாமல் கேஸ் அச்சுக்குப் போகக் கூடாது. எண்களை மறைக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரே காரணியால் பெருக்கிவிடலாம். விகிதங்கள் மாறாது, நிஜத் தொகையும் தெரியாது.

அப்புறம், கேஸ் யாருக்குப் புரிய வேண்டும் என்று யோசிக்க வேண்டும். ஒரு கல்லூரியில் பம்புசெட் தயாரிப்பாளரைப் பற்றிய கேஸ். நன்றாகவே எழுதியிருந்தார்கள். அட்டவணைகள் எல்லாம் கோடியில். கோடி என்றால் எவ்வளவு என்று அடிக்குறிப்பு எங்கும் இல்லை. வட ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு அணி கோடியை மில்லியன் என்று எடுத்துக்கொண்டது. நிறுவனத்தின் வருவாய் அவர்கள் கணக்கில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிப்போனது. ஆப்பிரிக்காவில் ஆலை கட்டும் செலவை மட்டும் அவர்களே டாலரில் சரியாக மதிப்பிட்டிருந்தார்கள். 'இவ்வளவு சின்னக் கம்பெனியால் இது முடியவே முடியாது' என்பதுதான் அவர்களுடைய முடிவு. வாதம் கச்சிதம், ஸ்லைடுகள் அழகு. முதல் நடுவர், "உங்கள் அடிப்படை எண்ணே தப்பு" என்றார். நிதிப் பகுதியைச் செய்த பெண் கையிலிருந்த கேஸைப் பின்னால் புரட்டி அட்டவணையைப் பார்த்தாள். ரூபாய், கோடியில் என்று இரண்டு சொல் இருந்தது. அவ்வளவுதான். மிச்சமிருந்த கேள்வி நேரம் முழுக்க அவள் வாய் திறக்கவில்லை. அந்த அணியின் ஆலோசகராக வந்த பேராசிரியர் புகார் ஏதும் கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் அழைப்புக்குப் பதிலும் போடவில்லை.

ஆகவே எல்லாத் தொகையையும் மில்லியனில் போடுங்கள், அந்தத் தேதியின் டாலர் மதிப்பைக் கொடுங்கள். நம் நிதியாண்டு ஏப்ரலில் ஆரம்பிக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். 1,25,00,000 என்று நாம் கமா போடுவது அவர்களுக்குப் பழக்கமில்லை. டேனிஷ், ஜெர்மன் வழக்கில் கமா என்றால் தசமப் புள்ளி. கிரிக்கெட் உவமை, ரேஷன் கடை, சீட்டு கம்பெனி போன்றவை வந்தால் விளக்கம் சேருங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். கடைசியாக, வேறு கல்லூரியில் நம்பகமான நான்கு மாணவர்களை உட்கார வைத்து, அதே நேரக் கெடுவில் ஒருமுறை தீர்க்கச் சொல்லிப் பாருங்கள். படித்தவுடன் எல்லோரும் ஒரே விடைக்கு வந்துவிட்டால் அந்தக் கேஸ் போட்டிக்கு உதவாது.

அணிகளைக் கேஸோடு அடைத்து வைக்கும் அறைகளைப் பற்றி யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. பணக்காரப் பல்கலைக்கழக மாணவனிடம் புளூம்பெர்க், ஸ்டாடிஸ்டா போன்ற கட்டணத் தரவுத் தளங்களின் நூலகக் கணக்கு இருக்கும். மாநிலக் கல்லூரியிலிருந்து வந்தவனிடம் கூகுள் மட்டும்தான். இரண்டு பேரையும் ஒரே போட்டியில் இறக்கிவிட்டு 'இணையம் பயன்படுத்தலாம்' என்று சொன்னால் போட்டி அறைக்கு வெளியிலேயே பாதி முடிந்துவிட்டது. ஒன்று, எல்லோருக்கும் உங்கள் நூலகக் கணக்கைத் திறந்து விடுங்கள். இல்லையென்றால் இணையமே இல்லாமல் நடத்துங்கள். சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்த பிறகு இது இன்னும் கூர்மையாகிவிட்டது. ஏ.ஐ. கருவி கூடாது என்று விதிப் புத்தகத்தில் எழுதிவிட்டு அறைக்குள் வைஃபையைத் திறந்து வைப்பது, விதியை மதிப்பவனுக்குத் தண்டனை கொடுப்பது மாதிரிதான். தடுக்க முடியாது என்றால் அனுமதித்துவிடுங்கள். எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று ஒரு ஸ்லைடில் சொல்லச் சொல்லுங்கள். எதுவானாலும் அணிகள் பதிவு செய்வதற்கு முன்பே தெரிய வேண்டும்.

ஸ்லைடுகளை எல்லா அணியிடமிருந்தும் ஒரே நிமிடத்தில் வாங்கிவிட வேண்டும். காலை ஒன்பதுக்குப் பேசும் அணி தூக்கக் கலக்கத்தில் பேச, மதியம் மூன்றுக்குப் பேசும் அணி ஆறு மணி நேரம் கூடுதலாக மெருகேற்றும் கூத்தை நான் பார்த்திருக்கிறேன். வரிசையைக் குலுக்கல் போட்டு, எல்லோர் முன்னிலையிலும் எடுங்கள். ஆலோசகர்கள், கேஸ் கொடுத்த நொடியிலிருந்து தங்கள் அணி பேசி முடிக்கும்வரை மாணவர்களைப் பார்க்கக் கூடாது. அந்த நேரத்துக்குத்தான் மகாபலிபுரம் சுற்றுலாவை வைக்க வேண்டும்.

நடுவர்கள் விஷயத்தில் எனக்கு வயிற்றெரிச்சல் அதிகம், அதனால் கொஞ்சம் நீளும். பன்னிரண்டு அணி என்றால் மூன்று அறையில் இணையாக நடக்கும். முதல் அறை நடுவர்கள் கைச் சுருக்கம்; அறுபதிலிருந்து எழுபத்தைந்துக்குள் மார்க் போடுவார்கள். மூன்றாவது அறையில் எழுபத்தைந்துக்குக் கீழே இறங்கவே மாட்டார்கள். மார்க்கைக் கூட்டி வரிசைப்படுத்தினால் இறுதிச் சுற்றுக்கு மூன்றாவது அறையின் அணிகள் மொத்தமாகப் போகும். இதைத் தடுக்கப் பெரிய புள்ளியியல் வேண்டாம். ஒவ்வோர் அறையிலும் முதலிடம் பெற்ற அணி மேலே போகும் என்று வைத்தால் போதும். ஜான் மோல்சன் போட்டியில் அணிகளைப் பிரிவுகளாகப் பிரித்து, ஒரே கேஸில் இரண்டு அணிகளை ஒரே நடுவர்கள் முன் நேருக்கு நேர் நிறுத்துகிறார்கள். நடுவர் ஒப்பிட வேண்டியது தன் கண்ணால் பார்த்த இரண்டு அணிகளை மட்டுமே. அதற்கு நிறைய நடுவர்கள் வேண்டும். அவர்களால் திரட்ட முடிகிறது.

நடுவர்களுக்கு முன்கூட்டியே ஒரு மணி நேர விளக்கக் கூட்டம் கட்டாயம். வராதவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் நடுவர் இல்லை. பத்து நிமிடக் கேள்வி நேரத்தில் ஆறு நிமிடம் தன் அனுபவத்தைச் சொல்லும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நேரம் பார்க்கும் மாணவியிடம் மணியடிக்கும் அதிகாரம் இருக்கட்டும், நடுவர்களிடமும் அதை முன்பே சொல்லி வையுங்கள். ஒரே மூச்சில் மூன்று கேள்வி கேட்காதீர்கள் என்று சொல்லுங்கள்; ஆங்கிலத்தை மூன்றாவது மொழியாகப் படித்த தாய்லாந்து மாணவனுக்கு நம் வேகம் பிடிபடாது. மார்க் தாளை விவாதத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். பேசிய பிறகு எழுதச் சொன்னால் அறையில் பதவியில் பெரியவர் போட்டதுதான் எல்லோர் தாளிலும் இருக்கும். ஸ்பான்சர் கம்பெனி தன் ஆட்களை மட்டுமே உட்கார வைக்கக் கேட்டால், ஓர் அறைக்கு ஒருவர் என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

அலுவலக வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அழைப்புக் கடிதத்தில் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே பெயர், பாஸ்போர்ட் எண், தேதிகள், செலவு யார் பொறுப்பு என்பது நான்கும் இருக்க வேண்டும். எந்த வகை விசா என்பதை மாணவர்களின் ஊகத்துக்கு விடாதீர்கள். அவர்கள் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்திடம் எழுதிக் கேளுங்கள். வெளிநாட்டவரைக் கல்லூரி விடுதியில் தங்க வைத்தாலும், ஓட்டலைப் போலவே, வந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்.ஆர்.ஆர்.ஓ.வுக்கு அவர்கள் விவரத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். பல வார்டன்களுக்கு இது தெரியாது. வெளிநாட்டு நிறுவனம் நன்கொடை தருகிறேன் என்றால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வின் கீழ் உங்களுக்குப் பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நன்றி சொல்லுங்கள். பரிசுத் தொகைக்கான வரியை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

தேதி: பொங்கல் வாரம் வேண்டாம். மெஸ் ஆட்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், பஸ் கிடைக்காது. டெல்லி வழியாக வருபவர்கள் ஜனவரிப் பனிமூட்டத்தில் மாட்டுவார்கள். ரம்ஜான் நோன்பு வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்கிறது, அதையும் பாருங்கள். தூரத்திலிருந்து வரும் அணிக்குக் கேஸுக்கு முன் ஒரு முழு நாளாவது தூங்க விடுங்கள்.

சாப்பாட்டில் காரம் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அபாயம் வேறு: ஒவ்வாமை. குருமாவில் முந்திரி அரைத்திருக்கும், பொடியில் நல்லெண்ணெய் இருக்கும், சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும். 'கோதுமை ஆகாது' என்று படிவத்தில் எழுதிய மாணவிக்கு, கோதுமையே இல்லை என்று நம்பிச் சாம்பார் பரிமாறுவார்கள். சமையல்காரரை உட்கார வைத்து ஒவ்வொரு பாத்திரமாகக் கேட்டு, ஒரு அட்டையில் எழுதி வையுங்கள்.

தொடக்க விழாவைப் பற்றி ஒன்றே ஒன்று. சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதமானால், குத்துவிளக்கு காத்திருக்கலாம். கேஸ் கொடுக்கும் நேரம் நகரக் கூடாது. விழாவை முந்தின நாள் மாலையில் வைத்துவிட்டால் தொல்லையே இல்லை.

முடிவு அறிவித்ததும் நடுவர்களை விருந்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். ஒவ்வோர் அணியும் தன் நடுவர்களோடு பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, எங்கே தவறினோம் என்று கேட்கட்டும். தோற்ற அணிகள் ஊருக்குக் கொண்டுபோவது அதைத்தான். முதல் சுற்றில் வெளியேறியவர்களுக்கு அன்றைக்கே இதை முடித்துவிட வேண்டும்; மறுநாள் வைத்தால் அந்த நடுவர் வர மாட்டார்.

நடத்தும் கல்லூரியின் சொந்த அணி போட்டியிடலாமா என்று எப்போதும் கேட்பார்கள். சில இடங்களில் போட்டியிடுகிறார்கள். புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதல் சில வருஷம் ஒதுங்கி இருப்பது நல்லது என்பது என் கட்சி. கேஸ் எழுதியது உங்கள் பேராசிரியர், அச்சடித்தது உங்கள் அலுவலகம், நடுவர்களில் பாதிப் பேர் உங்கள் முன்னாள் மாணவர்கள். நேர்மையாகவே ஜெயித்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். மாணவர்கள் முகம் சுளிப்பார்கள்தான். அந்த அணியை அதே வருஷம் வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்கு அனுப்புங்கள். பெரும்பாலும் தங்குமிடமும் சாப்பாடும் நடத்துபவர் பொறுப்பு. டிக்கெட், பதிவுக் கட்டணம், விசா மட்டும் உங்கள் கணக்கு. கோபன்ஹேகன் என்றால் ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். மாணவர்களின் பாஸ்போர்ட் காலாவதித் தேதியை இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.