சராசரியை நம்பிக் கட்டணம் வைக்காதீர்கள்

செங்கோட்டை, தென்காசி வட்டாரத்து மருத்துவமனைகளுக்குச் செலவுக் கணக்குப் பார்க்கும் எனக்கு, இந்த ஆண்டில் மூன்றாவது முறையாக அதே எக்செல் தாள் வந்திருக்கிறது. ஸ்கேன் அறையின் மாதச் செலவை நோயாளிகளின் எண்ணிக்கையால் வகுத்து, அதன்மேல் லாபம் வைத்துக் கட்டணம் போட்டுவிட்டு, ஓவர்டைம் ஏன் எகிறுகிறது என்று என்னிடம் கேட்கிறார்கள்.

நோயாளிகள் சராசரிப்படி வருவதில்லை. புனலூரிலிருந்து ஆரியங்காவு வழியாக வரும் ஒரு பேருந்து நின்றதும் பத்துப் பேர் சேர்ந்து டோக்கன் கேட்கிறார்கள்; பிற்பகல் மூன்று மணிக்கு அதே அறை காலியாகக் கிடக்கிறது. ஒரே கருவி, ஒருவருக்குச் சராசரியாக 10 நிமிடம், வருகையும் ஸ்கேன் நேரமும் முன்பின்னாக மாறுகின்றன என்று கொள்ளும் எளிய வரிசைக் கணக்கில், கருவி 80 விழுக்காடு நேரம் ஓடினால் காத்திருப்பு சராசரியாக 40 நிமிடம். 90 விழுக்காடு ஓடினால் 90 நிமிடம். வேலை கூடியது எட்டில் ஒரு பங்குதான், காத்திருப்போ இரு மடங்கைத் தாண்டிவிட்டது. அதுவே ஓவர்டைமாகவும், பொறுமையிழந்து எழுந்துபோகும் நோயாளியாகவும் செலவில் ஏறுகிறது. வகுத்தல் கணக்கில் இது எங்கே தெரியும்?

ஒவ்வொரு நோயாளியையும் டோக்கன் முதல் பில் வரை கணினியில் நடக்கவிட்டு, ஒவ்வொரு நிமிடத்துக்கும் செலவு ஏற்றும் சிமுலேஷனில்தான் தெரியும். ஆனால் அதற்குக் கொடுக்கும் நேரக் கணக்கு உண்மையாக இருக்க வேண்டும். ஒரு மருத்துவமனையின் மென்பொருளில் எட்டுப் பேருக்கும் 1.55 மணிக்கே ஊசி போட்டதாகப் பதிவாகியிருந்தது. கேட்டதற்கு, "ஷிஃப்ட் முடியறப்பதான் சார் மொத்தமா என்ட்ரி போடுவோம்" என்றார் நர்ஸ். அவரைக் குறை சொல்ல மாட்டேன்; அந்தப் பதிவை அப்படியே கணினிக்குள் கொட்டியவரைத்தான் சொல்ல வேண்டும்.

எட்டு மணி நேர ஷிஃப்டை 480 நிமிடமாகக் கொள்ளாதீர்கள். செலவுக் கணக்கு வல்லுநர்களான காப்லானும் ஆண்டர்சனும் 2004இல் முன்வைத்த, ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தை வைத்துச் செலவு போடும் நேரவழிச் செலவுக் கணக்கில், ஓய்வும் இடையூறும் போக ஏறத்தாழ 80 விழுக்காடே, அதாவது 384 நிமிடமே, வேலைக்குக் கிடைப்பதாக வைத்துக்கொள்வது வழக்கம். கடிகாரத்தோடு ஒரு வாரம் அறை வாசலில் ஆளை உட்காரவையுங்கள், திங்கட்கிழமையை விட்டுவிடாதீர்கள். சென்ற மாதத்து வரிசையை சிமுலேஷன் திரும்பக் காட்டுகிறதா என்று பார்க்காமல் அடுத்த மாதத்தைக் கேட்காதீர்கள். ஒருமுறை ஓட்டி வந்த ஒற்றை எண்ணை நிர்வாகக் கூட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். நூற்றுக்கணக்கான முறை ஓட்டி, செலவு எதிலிருந்து எதுவரை போகும் என்று சொல்லுங்கள்.

எல்லையோர மருத்துவமனைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஓணத்துக்கு மலைக்கு அப்பால் கேரளத்திலிருந்தும் பொங்கலுக்கு இப்பக்கத்திலிருந்தும் கூட்டம் குறையும் என்பதால், இரண்டு மாநில விடுமுறைப் பட்டியலையும் வருகைக் கணக்கோடு சேர்த்து அனுப்புங்கள்.