எலிக்காய்ச்சல் வயலிலிருந்து வீட்டுக்கு வரும் வழி

காலபோகத்துக்கு மழை தொடங்கி, குளங்கள் நிரம்பி, வயலில் சேறடிக்கிற மாதங்களில் வன்னியில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் எல்லாரும் முதலில் டெங்குவைத்தான் நினைக்கிறார்கள். நினைக்க வேண்டியதுதான். ஆனால் மனிதரும் மாடும் நாயும் எலியும் ஒரே தண்ணீரில் புழங்குகிற இந்த மண்ணில் எலிக்காய்ச்சலையும் அதே வேகத்தில் நினைக்க வேண்டும். 2024 டிசம்பரில், பெருமழை வெள்ளத்துக்குப் பின்னால், யாழ்ப்பாண மாவட்டத்தில் சிலர் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக அடுத்தடுத்து இறந்தார்கள். என்ன நோய் என்று முதலில் பிடிபடவில்லை. பரிசோதனை முடிவு வந்தபோதுதான் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. 2008இல் இலங்கை முழுவதிலும் 7,000க்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் சந்தேகிக்கப்பட்டு, ஏறத்தாழ 200 பேர் இறந்தார்கள். உலக அளவில் ஆண்டுக்குப் பத்து இலட்சம் பேர் வரை நோயுற்று, 59,000 பேர் அளவில் இறக்கிறார்கள் என்று 2015இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது.

இத்தனைக்கும் காரணம் லெப்டோஸ்பைரா என்கிற ஒரு பக்டீரியா. ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் அதன் தடிப்பு. சாதாரண நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தெரியவே தெரியாது. பின்புலத்தை இருட்டாக்கிக் கிருமியின் மேல் மட்டும் ஒளி விழச்செய்யும் தனி நுணுக்குக்காட்டி வேண்டும். அதில் பார்த்தால் நெருக்கமாக முறுக்கிய மெல்லிய சுருளாகத் தெரியும். திருகாணி மரத்துக்குள் இறங்குவதுபோல உடலைச் சுழற்றிக்கொண்டே முன்னேறும். தண்ணீரைவிடக் குழகுழப்பான இடத்தில் இன்னும் நன்றாக நீந்தும். இழையங்களுக்குள் வேகமாக ஊடுருவ இந்தத் திறமை அதற்குக் கைகொடுக்கிறது.

இந்தக் கிருமிக்கு நிரந்தர வீடு சிறுநீரகம். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். எலிக்குத் தொற்றும்போது கிருமி முதலில் இரத்தத்தில் பரவுகிறது. சில நாட்களில் எலியின் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கி இரத்தத்திலிருந்து அதைத் துடைத்துவிடுகிறது. ஆனால் அதற்குள் கொஞ்சம் கிருமி சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே எதிர்ப்பொருள் சரியாக எட்டாது. அந்தக் குழாய்ச் சுவரில் படலமாகப் படிந்து பெருகி, எலி சிறுநீர் கழிக்கும் ஒவ்வொரு தடவையும் வெளியே வருகிறது. மாதக் கணக்கில், சில வேளை அந்த எலி சாகும்வரை இது தொடரும். எலிக்கோ ஒரு நோயும் தெரியாது. ஓடும், தின்னும், குட்டி போடும்.

எலிக்கு ஒன்றும் ஆகாதபோது மனிதர் மட்டும் ஏன் சாகிறார்கள்? இதற்கு ஒரு பகுதி விடை சுண்டெலிகளில் செய்த ஆய்வுகளில் கிடைத்தது. நம் உடற்கலங்களின் மேல், அந்நியக் கிருமி வந்ததும் எச்சரிக்கை கொடுக்கும் உணரிகள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்று பக்டீரியாக்களின் மேலுறையிலுள்ள ஒரு கொழுப்புப் பொருளை அடையாளம் காண்பது. சுண்டெலியின் உணரி லெப்டோஸ்பைராவின் மேலுறையைக் கண்டுபிடித்துவிடுகிறது. மனிதரிடம் இருக்கும் அதே உணரிக்கு அது புலப்படுவதில்லை. எச்சரிக்கை தாமதமாகிறது. அந்தத் தாமதத்தில் கிருமி இரத்தத்தில் தாராளமாகப் பெருகிவிடுகிறது. முழுக் கதையும் இதுவல்ல. ஆனாலும் முதல் சில நாட்கள் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இதிலிருந்தே தெரியும்.

சரி, எலியிடமிருந்து நம்மிடம் எப்படி வருகிறது? பெரும்பாலும் எலி கடித்தல்ல. தண்ணீர்தான் வழி. நிழலும் ஈரமும் மிதமான வெப்பமும் உள்ள நன்னீரிலும் சேற்றிலும் இந்தக் கிருமி வாரக் கணக்கில், சாதகமான இடத்தில் மாதக் கணக்கிலும் உயிரோடிருக்கும். காய்ந்தால் செத்துவிடும். கடும் வெயில், உப்புநீர், சவர்க்காரம், குளோரின், கொதிநீர் எதையும் தாங்காது. அதனால்தான் கோடையில் வெடித்துக் கிடக்கும் வயலில் ஆபத்து குறைவு. மழை விழுந்து வயல் சேறானதும் நிலைமை மாறிவிடுகிறது. வயல் எலியும் பெருச்சாளியும் வளை தோண்டுவது வரம்புகளில். வயலுக்குள் தண்ணீர் ஏற ஏற எலிகள் வரம்பிலேயே நெருக்கமாகக் கூடும். அவற்றின் சிறுநீர் அப்படியே வயல் தண்ணீரில் கலக்கும். குளம் வான் பாய்ந்து வெள்ளம் எடுத்தால் எலிகள் வளையை விட்டு வீட்டுக்கும் நெல் மூட்டை அடுக்கிய அறைக்கும் வந்துவிடுகின்றன. சிறுபோகத்திலும், வாய்க்கால் தண்ணீர் பாயும் வயலில் கவலையில்லை என்று இருந்துவிட முடியாது.

தோலில் பெரிய காயம் இருந்தால்தான் தொற்றும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. சேற்றுத் தண்ணீரில் மணிக்கணக்காக நின்ற காலின் தோல் ஊறி மென்மையாகிவிடும். குதிகாலில் பித்தவெடிப்பு, நெல் தாள் கீறிய கோடு, விரலிடுக்கில் சேற்றுப்புண் எதுவும் கிருமிக்குப் போதும். கண்ணில் தெறித்த தண்ணீரும் வாய்க்குள் போன தண்ணீரும் வழிதான். களை பிடுங்கும் பெண்களின் கையும் காலும் நாள் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கின்றன. இதை வயலில் வேலை செய்யும் ஆண்களின் நோய் என்று மட்டும் பார்ப்பது பிழை.

உடலுக்குள் போனபின் பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களுக்குள் காய்ச்சல் வரும். சிலருக்கு இரண்டாம் நாளே வரலாம், ஒரு மாதமும் எடுக்கலாம். திடீரென்று கடும் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்காலிலும் இடுப்பிலும் அழுத்தினால் தாங்க முடியாத நோவு, பீளை இல்லாமல் சிவக்கும் கண் என்று தொடங்கும். இரத்தக் குழாய்களின் உட்சுவரில் கலங்கள் நெருங்கி ஒட்டியிருக்கும். கிருமி அந்த ஒட்டுதலைத் தளர்த்துவதால் குழாய்கள் கசியத் தொடங்குகின்றன. கசிவு நுரையீரலில் நடந்தால் மூச்சுத்திணறலும் சளியில் இரத்தமும் வரும். எலிக்காய்ச்சலில் மிக வேகமாக உயிரைப் பறிப்பது இதுதான். ஈரல் பாதிக்கப்பட்டால் கண்ணும் தோலும் மஞ்சளாகும். காய்ச்சலோடு மஞ்சளும் சிறுநீரகப் பாதிப்பும் சேர்ந்து வரும் இந்தக் கடும் நிலையை 1886இல் விவரித்தவர் அடோல்ஃப் வெய்ல் என்கிற ஜெர்மன் மருத்துவர்.

சிறுநீரகத்தில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கிருமி அங்கேயும் நுண்குழாய்களைத்தான் தாக்குகிறது. வடிகட்டிய நீரிலிருந்து உடலுக்கு வேண்டிய உப்புகளைத் திரும்ப உறிஞ்சுவது இந்தக் குழாய்களின் வேலை. அது கெட்டுப்போகும்போது தொடக்கத்தில் சிறுநீர் குறையாமலே இருக்கலாம். ஆனால் பொட்டாசியம் வீணாக வெளியேறிக்கொண்டிருக்கும். ஆகவே சிறுநீர் போகிறது என்பதால் சிறுநீரகம் நலமாக இருக்கிறது என்று வீட்டிலிருந்தபடி முடிவு கட்ட முடியாது. சிறுநீர் குறையத் தொடங்கினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. நம்பிக்கையான விடயமும் இதிலேயே இருக்கிறது. நுண்குழாய்க் கலங்கள் மறுபடி வளரக்கூடியவை. சில நாள் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டிவந்தவர்கள் பலருக்கும் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

இன்னொரு ஏமாற்று உண்டு. சிலருக்கு ஐந்தாறு நாளில் காய்ச்சல் விட்டதுபோலிருக்கும். ஆள் எழும்பி நடமாடுவார். ஓரிரு நாளில் மறுபடி காய்ச்சல் வந்து, அப்போதுதான் ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். பனடோல் போட்டுக்கொண்டு பொறுத்துப் பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான். இரத்தப் பரிசோதனையும் சில வேளை உதவாது. எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை முதல் வாரத்தில் ஒன்றுமில்லை என்றே காட்டலாம், ஏனென்றால் உடல் இன்னும் அதை உண்டாக்கியிருக்காது. கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை முதல் வாரத்தில் பயன்படும், ஆனால் அது எல்லா ஆஸ்பத்திரியிலும் உடனே கிடைக்காது. எனவே வைத்தியர்கள் முடிவுக்குக் காத்திராமல் சந்தேகத்தின் பேரிலேயே நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொடங்குகிறார்கள். அந்தச் சந்தேகம் அவருக்கு வர வேண்டுமானால், சேற்றில் இறங்கியதையும் வெள்ளத்துக்குப் பின் வீடு கழுவியதையும் நோயாளியோ கூடப் போனவரோ கட்டாயம் சொல்ல வேண்டும். கேட்டால் சொல்லலாம் என்று இருக்காதீர்கள்.

இனி நாய். வன்னியில் வயலுக்குப் போகிறவருடன் நாயும் போகும். வரம்பில் எலியைத் துரத்திப் பிடிக்கும், கண்ட குழியில் தண்ணீர் குடிக்கும். நாய்க்கும் எலிக்காய்ச்சல் வரும். சாப்பாட்டை மறுத்தல், வாந்தி, பின்கால் விறைத்து நடக்கத் தயங்குதல், வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தல், முரசு (பல் ஈறு) மஞ்சளாதல் இவற்றில் சிலது சேர்ந்து கண்டால் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். எலியைப் போலவே எந்த அறிகுறியும் இல்லாமல் சிறுநீரில் கிருமியை வெளியேற்றும் நாய்களும் உண்டு. அதற்காக நாயைக் கொண்டுபோய்த் தெருவில் விட்டுவிடுவது எனக்குச் சற்றும் ஏற்புடையதல்ல. மனிதருக்கு வரும் தொற்றில் பெரும் பங்கு எலியும் தண்ணீரும் தருவது. நாய்க்குச் சரியான மருந்தை வைத்தியர் சொன்ன நாள்வரை கொடுத்தால் சிறுநீரகத்திலிருந்தும் கிருமி நீங்கும். அதுவரை அது சிறுநீர் கழித்த இடத்தை வெறுங்கையால் தொடாமல், கையுறை போட்டுக் குளோரின் கரைசலால் கழுவினால் போதும்.

நாய்களுக்கு இதற்கென்று தடுப்பூசி இருக்கிறது. விசர்நாய்த் தடுப்பூசி போட்டாயிற்று என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது வேறு, இது வேறு. எலிக்காய்ச்சல் கிருமியில் இருநூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதால் இந்த ஊசி சில வகைகளை மட்டுமே தடுக்கும். அதன் காப்பும் நீண்டகாலம் நிற்காது, ஆண்டுதோறும் போட வேண்டும். அப்படியிருந்தும் வயலுக்குப் போகும் நாய்க்குப் போடத்தான் வேண்டும் என்பேன். மாட்டிலும் இந்தத் தொற்று உண்டு. காரணம் தெரியாமல் கன்று கலைந்தாலோ பால் திடீரென்று குறைந்தாலோ இதையும் யோசிக்க வேண்டும். கன்று ஈனும்போது உதவுகிறவர்கள் வெறுங்கையோடு நிற்கக் கூடாது.

சப்பாத்து போட்டுச் சேற்றில் வேலை செய்யச் சொல்வது எளிது, செய்வது கடினம். சேறு காலைப் பிடித்து இழுக்கும். அதனால் சாத்தியமானதைச் சொல்கிறேன். காயத்தைத் தண்ணீர் புகாத பிளாஸ்டரால் மூடிவிட்டு இறங்குங்கள். ஏறியதும் வாய்க்காலில் அலம்பிவிட்டு விடாமல், கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கைகாலைக் கழுவுங்கள். வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்துக் குளோரின் இடும்வரை கொதித்தாறிய தண்ணீரையே குடியுங்கள்.

இவற்றோடு டொக்சிசைக்கிளின் மாத்திரை. வயலில் இறங்குகிறவர்களுக்கு வாரத்துக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம் என்ற அளவில், போகம் முடியும்வரை கொடுக்கப்படுகிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அல்லது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் பெறலாம். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், தொண்டையில் ஒட்டினால் புண்ணாக்கும். சாப்பிட்டபின் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறுபிள்ளைகளும் வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. இந்த மாத்திரை முழுக் காப்புத் தராது. எடுத்துக்கொண்டிருக்கும்போதே காய்ச்சல் வந்தால், எடுக்கிறேன் என்பதையும் ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும்.