புள்ளியில் தெரியும் போலி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், பித்தளைச் செம்புக்கும் எனாமல் தட்டுக்கும் நடுவே பழைய பதக்கங்களும் கிடக்கும். பர்மா, மலாயா என்று கொண்டுவிற்கப் போனவர் வீட்டுப் பெட்டகத்துச் சாமான் என்பார்கள். சிலது அப்படித்தான், சிலது நேற்று வார்த்தது.

நான் விடாமல் தேடுவது 1911 டெல்லி தர்பார் பதக்கம்: பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் இந்தியப் பேரரசரானதைக் கொண்டாடிய விழாவின் நினைவுப் பதக்கம். வெள்ளி, விட்டம் 38.5 மி.மீ. முகப்பில் ஐந்தாம் ஜார்ஜும் மேரி அரசியும். பின்புறம் முழுக்கப் பாரசீக எழுத்து. வாங்குகிறவர்கள் முகப்பையே பார்க்கிறார்கள். பின்னால் திருப்புங்கள்.

அசல், அச்சில் அடித்தது. எஃகு அச்சுகள் இரண்டுக்கும் நடுவில் வெள்ளி வில்லையை வைத்து நசுக்கினால், உலோகம் உருகாமலே கொழுக்கட்டை அச்சில் மாவு போல மூலைமுடுக்கெல்லாம் புகுந்துவிடும். அதனால் விளிம்புகள் கூர்மையாக நிற்கும். போலியோ பெரும்பாலும் அசலிலிருந்து அச்சு எடுத்து உருக்கி ஊற்றியது. ஆறும்போது காற்றுக்குமிழ்கள் ஊசிமுனைக் குழிகளாகத் தங்கும். பாரசீக எழுத்தின் புள்ளிகளை லென்ஸில் பாருங்கள்: அசலில் தனித்தனியாக நிற்பவை, வார்ப்பில் மழுங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆறிய உலோகம் சுருங்கவும் செய்யும். போலிக்கு உதவும் பித்தளை சுமார் 1.5 விழுக்காடு. 38.5 மி.மீ., 37.9 ஆகிவிடும். வெர்னியர் அளவி அதைக் காட்டிக்கொடுக்கும்.

பிறகு எடை. 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். பதக்கத்தை நூலில் கட்டி, அடியில் தொடாமல் முழுக்க அமிழ்த்துங்கள். தராசு காட்டும் கிராம்தான் அதன் கன அளவு, கன சென்டிமீட்டரில். வெளியே நிறுத்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். தூய வெள்ளிக்கு 10.5, செம்பு கொஞ்சம் கலந்த ஸ்டெர்லிங் வெள்ளிக்கு 10.3 சொச்சம், பித்தளைக்கு 8.4 முதல் 8.7. குமிழ் ஒட்டியிருந்தால் கணக்கு குறைவாக வரும், தட்டிவிடுங்கள். நான் ஆசையாக வாங்கிய ஒன்று 21.98 கிராம், தண்ணீரில் 2.60. வகுத்தால் 8.45. வெள்ளி முலாம் பூசிய பித்தளை!

அசல் ஒன்றும் கைக்கு வந்தது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டு, வெள்ளி சல்பைடு படிந்து கறுத்திருந்தது. அந்தக் கறுப்பு வயதின் அடையாளம், விட்டுவிட வேண்டும். அப்பத்தாவுக்கு அது அழுக்கு. குத்துவிளக்கோடு சேர்த்துத் திருநீறு போட்டுத் தேய்த்துவிட்டார். சாம்பல் மெல்லிய உப்புத்தாள் மாதிரி அராவும். இப்போது பதக்கம் பளபளக்கிறது. மேரி அரசியின் மூக்கைத்தான் காணோம்.