‘ஃபார்மட் வார்’: தமிழில் எப்படிச் சொல்வது?

ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பதிவுமுறைகள் ஒரே காலத்தில் சந்தைக்கு வருகின்றன. ஒன்றுக்காக வாங்கிய கருவியில் மற்றொன்று ஓடாது. இரண்டில் ஒன்று கடையைக் கட்டும்வரை அவற்றை உருவாக்கியவர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். இந்த நிலைமையை ஆங்கிலத்தில் ‘ஃபார்மட் வார்’ என்கிறார்கள். 1970களில் பீட்டாமேக்ஸ், விஎச்எஸ் என்ற இரண்டு வீடியோ கேசட்டுகள் மோதியதும், 2006 முதல் 2008 வரை ப்ளூ-ரே, எச்டி டிவிடி என்ற இரண்டு வட்டுகள் மோதியதும் இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டுகள். தமிழில் இதைச் சிலர் ‘வடிவப் போர்’ என்று எழுதுகிறார்கள். அகராதியைப் புரட்டினால் ஃபார்மட்டுக்கு வடிவம், வாருக்குப் போர் என்றுதான் இருக்கும். ஆனாலும் அந்தத் தொடரின் இரண்டு பாதிகளுமே எனக்கு உறுத்துகின்றன.

முதல் பாதியிலிருந்து தொடங்கலாம். ஃபார்மட் அச்சுத்தொழில் சார்ந்த சொல். லத்தீனில் ‘லீபெர் ஃபோர்மாட்டுஸ்’ என்றால் உருக்கொடுக்கப்பட்ட நூல். அந்தத் தொடரின் பின்பாதி மட்டும் ஜெர்மன், பிரெஞ்சு வழியாக 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. முழுத்தாளை எத்தனை மடிப்பாக மடித்திருக்கிறார்கள், நூலின் நீள அகலம் என்ன என்பதைச் சொல்ல அது பயன்பட்டது. நம் பதிப்பாளர்கள் நூலின் உரிமைப் பக்கத்தில் ‘நூல் அளவு: டெம்மி 1×8’ என்று அச்சிடுகிறார்களே, அதுதான் ஃபார்மட்டின் பழைய பொருள். அங்கே வடிவம், அளவு என்ற சொற்கள் கச்சிதமாகப் பொருந்தும். பிறகு ஒலிபரப்பு நிகழ்ச்சியின் அமைப்பு, கணினிக் கோப்பின் அமைப்பு என்று அந்தச் சொல் நகர்ந்து நகர்ந்து, கண்ணுக்குத் தெரியும் உருவத்தை விட்டு உள்ளே இருக்கும் ஒழுங்கைக் குறிக்க ஆரம்பித்துவிட்டது. தமிழின் ‘வடிவம்’ அவ்வளவு தூரம் நகரவில்லை. கேட்டதும் வட்டமும் சதுரமும்தான் மனதில் வரும்.

ப்ளூ-ரே, எச்டி டிவிடி விஷயத்தில் இது எவ்வளவு பொருந்தாமல் போகிறது என்று பாருங்கள். ப்ளூ-ரே வட்டின் குறுக்களவு 12 சென்டிமீட்டர், தடிமன் 1.2 மில்லிமீட்டர். எச்டி டிவிடியும் அதே அளவுதான். சாதாரண டிவிடியும் அதே, அதற்கு முந்தைய சிடியும் அதே. நான்கையும் மேசையில் கவிழ்த்து வைத்தால், மேலே அச்சிட்ட பெயரைப் பார்க்காமல் எது எது என்று சொல்வதற்குப் பழகிய கண் வேண்டும். வடிவம் ஒன்றில்தான் அவை முழுக்க ஒத்துப்போகின்றன. அப்படியிருக்க வடிவப் போர் எங்கிருந்து வந்தது?

வேறுபாடு வட்டுக்குள்ளே, தகவல் பதிந்திருக்கும் அடுக்கின் ஆழத்தில் இருக்கிறது. எச்டி டிவிடியில் அந்த அடுக்கு, டிவிடியில் இருப்பதைப் போலவே, மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் உள்ளே, ஒட்டப்பட்ட இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவில் இருந்தது. ப்ளூ-ரேயில் அது வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அடுக்கு மேலே வந்தால் லேசர் ஒளியை இன்னும் சிறிய புள்ளியாகக் குவிக்க முடியும். புள்ளி சிறுத்தால் தடங்களை நெருக்கிப் பதியலாம். டிவிடியில் இரண்டு தடங்களுக்கு இடையே 0.74 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி, ப்ளூ-ரேயில் 0.32. அதனால் ஓர் அடுக்கில் 25 ஜிபி பிடித்தது. எச்டி டிவிடியில் 15 ஜிபிதான். ஆனால் எச்டி டிவிடிக்காரர்களுக்கும் சொல்லிக்கொள்ள ஒன்று இருந்தது: டிவிடி அச்சடிக்கும் அதே ஆலையில், இயந்திரங்களைச் சிறிது மாற்றிக்கொண்டு, தங்கள் வட்டையும் அடித்துவிடலாம். ப்ளூ-ரேக்குப் புதிய இயந்திரங்கள் தேவைப்பட்டன. மேலும் 0.1 மில்லிமீட்டர் பூச்சின்மேல் ஒரு கீறல் விழுந்தால் போதும், படம் போய்விடும். 2003இல் ஜப்பானில் சோனி விற்ற முதல் ப்ளூ-ரே பதிவுக்கருவிக்கான வட்டுகள் இந்தப் பயத்தால்தான் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைபட்டு வந்தன. டிடிகே நிறுவனம் கீறல் விழாத கடினப் பூச்சு ஒன்றைச் செய்து கொடுத்த பிறகே வட்டு பெட்டியிலிருந்து வெளியே வந்தது.

ஆக, மோதியவை பதிவு செய்யும் முறைகள். ‘பதிவுமுறை’ என்ற சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது. நாடா, தட்டு, வட்டு எல்லாவற்றுக்கும் பொருந்தும். ‘தரநிலை’ என்று எழுதுவோரும் உண்டு. அதில் ‘தரம்’ ஒட்டிக்கொண்டிருப்பதால், எது உசத்தி என்ற போட்டியாக அது காதில் விழுகிறது. இந்த மோதல்களில் உசத்தியானது தோற்றதும் உண்டு என்பதால் அதை நான் தவிர்ப்பேன்.

அடுத்தது, போர். இதில்தான் எனக்குக் கூடுதல் தயக்கம். ப்ளூ-ரேயும் எச்டி டிவிடியும் இரண்டு நாடுகளைப் போல எதிரெதிரே நின்றவை அல்ல. 1990களின் நடுவில் சோனியும் ஃபிலிப்ஸும் ஒரு வட்டை வைத்திருந்தன. தோஷிபாவும் டைம் வார்னரும் இன்னொன்றை வைத்திருந்தன. கணினி நிறுவனங்கள் ‘இரண்டு வட்டு எங்களுக்கு வேண்டாம், ஒன்றாகிக்கொண்டு வாருங்கள்’ என்று நெருக்கியதால் 1995இல் சமரசம் ஏற்பட்டது. அந்தச் சமரசத்தின் பெயர்தான் டிவிடி. அதை நிர்வகிக்க எல்லோரும் சேர்ந்து டிவிடி மன்றம் என்ற அமைப்பில் உட்கார்ந்தார்கள். உயர் துல்லியத் தொலைக்காட்சி வரும் காலம் நெருங்கியபோது, சோனி, பானாசோனிக்கின் தாய் நிறுவனமான மட்சுஷிடா, ஃபிலிப்ஸ், சாம்சங் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் மன்றத்துக்கு வெளியே போய் 2002 பிப்ரவரி 19 அன்று ப்ளூ-ரேயை அறிவித்தன. தோஷிபாவும் என்ஈசியும் மன்றத்துக்குள்ளேயே இருந்து தங்கள் வட்டுக்கு ஒப்புதல் வாங்கி, எச்டி டிவிடி என்று பெயர் வைத்தன. 2005இல் மறுபடியும் உட்கார்ந்து பேசினார்கள். இம்முறை ஒத்துவரவில்லை.

ஒரே மன்றத்தில் அடுத்தடுத்த நாற்காலிகளில் இருந்தவர்களுக்குள் வந்த சண்டைக்குத் தமிழில் அருமையான சொல் இருக்கிறது: பூசல். உட்கட்சிப் பூசல், கோஷ்டிப் பூசல் என்று நாளிதழ்கள் நாள்தோறும் எழுதுகின்றன. பழந்தமிழில் அதற்குப் போர் என்ற பொருளும் உண்டு, பேரொலி, ஆரவாரம் என்ற பொருளும் உண்டு. மூன்று பொருளும் இங்கே வேலை செய்கின்றன. எனவே என் பரிந்துரை: பதிவுமுறைப் பூசல். நீளமாக இருக்கிறது என்பவர்கள், இடம் தெளிவாக இருந்தால், வெறும் ‘முறைப்பூசல்’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

ஆரவாரம் என்ற பொருள் பொருந்துவதற்குக் காரணம், சத்தமெல்லாம் நிறுவனங்களின் பக்கம்தான் இருந்தது. போர் என்றால் குடிமக்கள் தப்ப முடியாது. இங்கே வாங்குவோருக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வசதி இருந்தது, அதைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். எச்டி டிவிடியின் முதல் பிளேயர் 2006இல் அமெரிக்காவில் 499 டாலர். சாம்சங்கின் முதல் ப்ளூ-ரே பிளேயர் 999 டாலர். அதற்கேற்ற தொலைக்காட்சிப் பெட்டி தனிச் செலவு. டிஸ்னி, ஃபாக்ஸ் படங்கள் ப்ளூ-ரேயில் மட்டும். யுனிவர்சல் படங்கள் எச்டி டிவிடியில் மட்டும். எதை வாங்கினாலும் பாதிப் படங்கள் கிடைக்காது. தவறான பக்கத்தை வாங்கிவிட்டால் சில ஆண்டுகளில் எல்லாமே பரணுக்குப் போகும். பீட்டாமேக்ஸ் வாங்கிச் சூடுபட்டவர்கள் பல வீடுகளில் இன்னும் உயிரோடு இருந்தார்கள்.

அதைவிடப் பெரிய காரணம், டிவிடியிடம் யாருக்கும் குறை இல்லை. கேசட்டிலிருந்து டிவிடிக்கு மாறியபோது பின்னோக்கிச் சுற்றும் வேலை ஒழிந்தது, வேண்டிய காட்சிக்கு ஒரே தாவலில் போக முடிந்தது, நாடா தேயும் கவலை போனது, வசனத்தை வேறு மொழியில் கேட்க முடிந்தது. டிவிடியிலிருந்து அடுத்த வட்டுக்குப் போனால் கிடைப்பது கூடுதல் தெளிவு மட்டும்தான். அதுவும் பெரிய திரை இருந்தால்தான் தெரியும். பழைய டிவிடியையே சற்றுக் கூர்மையாக்கிக் காட்டும் மலிவான பிளேயர்கள் வேறு வந்துவிட்டன. இதே கதை ஒலியிலும் நடந்திருந்தது. 1999இல் சூப்பர் ஆடியோ சிடி, 2000இல் டிவிடி ஆடியோ என்று இரண்டு உயர்தர இசை வட்டுகள் போட்டியில் இறங்கின. மக்கள் எம்பி3 கோப்புகளின் பக்கம் போய்விட்டார்கள்.

இந்த அலட்சியத்தைக் குறிக்க ‘நுகர்வோர் அக்கறையின்மை’ என்று மொழிபெயர்ப்பது அரசாணை போல இருக்கிறது. பாராமுகம் என்ற சொல் இருக்கும்போது அது எதற்கு?

இந்தியாவில் பாராமுகம்கூட இல்லை. இந்தப் பூசல் நடப்பதே பெரும்பாலோருக்குத் தெரியாது. 2007இல், அங்கே இரு தரப்பும் உச்சத்தில் மோதிக்கொண்டிருந்தபோது, வட்டு தயாரிக்கும் இந்திய நிறுவனமான மோசர் பேர் திரைப்பட விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்தது. விசிடியின் படத் தெளிவு பழைய கேசட்டின் அளவுதான். ஒரு வட்டில் 80 நிமிடத்துக்கு மேல் பிடிக்காது என்பதால் ஒரு படத்துக்கு இரண்டு, மூன்று வட்டு மாற்ற வேண்டும். அதில் நிம்மதியாகப் படம் பார்த்துக்கொண்டிருந்த ஊரில் 25 ஜிபி யாருக்கு வேண்டும்? ‘திருட்டு விசிடி’ என்ற தொடர் தமிழில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கும் விசிடியின் மலிவு ஒரு காரணம். டிவிடி வந்த பிறகும் பேச்சில் அது ‘திருட்டு விசிடி’யாகவே நீடித்தது.

பூசல் முடிந்த விதத்திலும் வாங்குவோரின் பங்கு மறைமுகமானதுதான். 2006 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்குள் சோனி ப்ளூ-ரே பிளேயரை வைத்துவிட்டது. விளையாட வாங்கியவர் வீட்டுக்கு ப்ளூ-ரே தானாக வந்து சேர்ந்தது. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360க்கு எச்டி டிவிடி பெட்டியைத் தனியாக 199 டாலர் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 2007 ஆகஸ்டில் பாரமவுண்ட் பட நிறுவனம் எச்டி டிவிடி பக்கம் முழுதாகச் சாய்ந்தது. அப்போதுகூடத் தராசு எந்தப் பக்கமும் இறங்கவில்லை. இரண்டு முறையிலும் வட்டு போட்டுக்கொண்டிருந்த வார்னர் நிறுவனம் 2008 ஜனவரி 4 அன்று இனி ப்ளூ-ரே மட்டும் என்று அறிவித்ததும் எல்லாம் சரிந்தது. அடுத்த சில நாள்களில் லாஸ் வேகாஸ் மின்னணுப் பொருட்காட்சியில் நடக்கவிருந்த எச்டி டிவிடி அணியின் செய்தியாளர் சந்திப்பு ரத்தானது. பிப்ரவரியில், அப்போது வட்டுகளை வாடகைக்கு அனுப்பிவந்த நெட்ஃபிளிக்ஸும், பெஸ்ட் பை, வால்மார்ட் கடைகளும் எச்டி டிவிடியை வரிசையாகக் கைவிட்டன. பிப்ரவரி 19 அன்று தோஷிபா விலகியது; ப்ளூ-ரே அறிவிக்கப்பட்டு அன்றோடு சரியாக ஆறு ஆண்டுகள். மறு ஆண்டே தோஷிபாவும் ப்ளூ-ரே சங்கத்தில் சேர்ந்து அந்த பிளேயரையே செய்து விற்றது. பூசல் என்ற சொல்லுக்கு இதைவிடச் சான்று வேண்டாம். பங்காளிகள் மறுபடி ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

எல்லாப் பூசலும் ஒருவர் ஒழிந்துதான் முடியும் என்பதில்லை. 1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் நீளிசைத் தட்டையும், 1949இல் ஆர்சிஏ விக்டர் 45 சுற்றுத் தட்டையும் கொண்டுவந்தபோது, எல்லா வேகத்திலும் ஓடும் ஒலிக்கருவிகள் வந்து இரண்டும் பிழைத்தன. வட்டுகளிலும் எல்ஜி நிறுவனம் 2007இல் இரண்டையும் ஓட்டும் பிளேயர் ஒன்றை விட்டுப் பார்த்தது. விலை 1,199 டாலர் என்பதால் எடுபடவில்லை.

தொடர்புடைய சொற்களைப் பற்றிச் சிறு குறிப்பு. ப்ளூ-ரேயை ‘நீலக்கதிர் வட்டு’ என்று மொழிபெயர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். அது வணிகப் பெயர். பொதுச்சொல்லாக இருந்தால் பதிவு செய்ய முடியாது என்பதற்காகவே ஆங்கிலத்தில் நீலத்தைக் குறிக்கும் சொல்லின் கடைசி எழுத்தை நீக்கிவிட்டார்கள். தவிர, அதன் லேசர் 405 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது, நிறம் ஊதா. அதே 405 நானோமீட்டர் லேசரைத்தான் எச்டி டிவிடியும் பயன்படுத்தியது. கதிரை வைத்துப் பெயரிட்டால் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் வரும். டிஸ்க்குக்கு வட்டு போதும். குறுந்தகடு என்பது சிடிக்கு நிலைத்துவிட்டது. இலங்கைத் தமிழர் இறுவட்டு என்கிறார்கள். இரண்டையும் யாரும் மாற்ற வேண்டியதில்லை.

ஒரு முறையை இன்னொன்று காலப்போக்கில் ஓரங்கட்டுவதற்கு இந்தத் தொடரைப் பயன்படுத்தக் கூடாது. கேசட்டை டிவிடி ஒழித்தது பூசல் ஆகாது. வட்டை இணையம் ஒழித்துவருவதும் அப்படித்தான். நெட்ஃபிளிக்ஸ் இணையவழியே படம் காட்டத் தொடங்கியது 2007 ஜனவரியில். அப்போது இரு வட்டு அணிகளும் ஒன்றையொன்றுதான் பார்த்துக்கொண்டிருந்தன. 2025 பிப்ரவரியோடு சோனி, பதிவு செய்யத்தக்க ப்ளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை நிறுத்தியது. அதை ‘வழக்கொழிதல்’ என்று எழுதலாம்.