குரோமோலித்தோகிராஃப்: பன்னிறக் கல்லச்சு

நூறாண்டைத் தாண்டிய வாழ்த்து அட்டை ஒன்றைக் கையில் எடுத்து, அதிலுள்ள குழந்தையின் கன்னத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், கன்னம் மறைந்துவிடும். வெளிர் மஞ்சள் பரப்பின்மீது நெருக்கியும் விலக்கியும் இட்ட இளஞ்சிவப்புப் புள்ளிகள் மட்டுமே தெரியும். அப்புள்ளிகள் ஒரே அளவில் இல்லை, வரிசையாகவும் இல்லை. ஒவ்வொன்றும் ஒருவர் கையால் வைத்தது. பழைய அட்டைகளை விற்போரும் சேர்ப்போரும் இவ்வகைப் படத்தைக் குரோமோலித்தோகிராஃப் என்றும், சுருக்கமாகக் குரோமோ என்றும் குறிக்கின்றனர். பழைய அட்டைகளின் நிறத்தில் நாம் காணும் அந்த இதமான அடர்த்திக்கு இச்சொல்லே முகவரி.

சொல்லின் உறுப்புகள் மூன்றும் கிரேக்கம்: குரோமா நிறத்தையும், லித்தோஸ் கல்லையும், கிராஃபெய்ன் எழுதுதல் அல்லது வரைதலையும் குறிக்கும். ஆனால் இத்தொழிலைக் கண்டவர் கிரேக்கப் பெயரைத் தேடிப் போகவில்லை. தம் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிட வழி தேடிய அலோய்ஸ் செனஃபெல்டர், 18ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் பவேரியாவில் இம்முறையைக் கண்டறிந்தபோது, அதனைத் தம் ஜெர்மன் மொழியில் கல் அச்சு என்றும், வேதி அச்சு என்றுமே அழைத்தார். பல நிறங்களைப் பல கற்களால் அச்சிடும் முறைக்கு, நிறம் என்னும் முன்னொட்டைச் சேர்த்த பெயரோடு 1837இல் பிரான்சில் காப்புரிமை பெற்றவர் முலூஸ் நகரத்து அச்சாளர் கொடஃப்ருவா எங்கெல்மன்.

வேதி அச்சு என்ற பெயரில் பொருள் இருக்கிறது. கல்லச்சில் எதுவும் செதுக்கப்படுவதில்லை. எண்ணெயும் நீரும் ஒட்டாது என்பதே அதன் அடிப்படை. பவேரியாவின் சோல்ன்ஹோஃபென் பகுதியில் கிடைக்கும் மென்துகள் சுண்ணாம்புக் கல்லை மழமழவென்று தேய்த்து, எண்ணெய்ப் பசையுள்ள மையாலோ தீட்டுகோலாலோ அதன்மேல் வரைந்து, சிறிது நைட்ரிக் அமிலம் கலந்த வேலம்பிசினைப் பூசுவர். பின்னர்க் கல்லை நீரால் நனைத்து அச்சுமையை உருட்டினால், வரைந்த இடம் மையைப் பிடித்துக்கொள்ளும். நனைந்த இடம் விலக்கிவிடும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஆகவே ரோஜாக் கொத்து ஒன்றை அச்சிட வேண்டுமானால், அதில் மஞ்சள் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது, நீலம் எவ்வளவு, சாம்பல் எந்த நிழலில் என்று மனத்துக்குள் பிரித்துப் பார்த்து, ஒவ்வொரு பங்கையும் தனித்தனிக் கல்லில், அதுவும் இடவலம் மாற்றி, புள்ளி புள்ளியாக ஒருவர் வரைய வேண்டும். தாள் அத்தனை கற்களின்மீதும் ஒவ்வொரு முறை சென்று வர வேண்டும். ஒரு முறை மயிரிழை விலகினாலும் உதட்டின் சிவப்பு உதட்டுக்கு வெளியே போய் நிற்கும். அப்படி விலகிய அட்டைகளும் நிறையக் கிடைக்கின்றன; எனக்கு அவற்றின்மேல் தனிப் பிரியம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 1843இல் லண்டனில் ஹென்றி கோல் வெளியிட்ட, ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்த முதல் வணிகக் கிறிஸ்துமஸ் அட்டை குரோமோ அன்று. கோடுகள் மட்டுமே கல்லச்சில் அடிக்கப்பட்டன. நிறங்கள் அட்டை அட்டையாகக் கையால் தீட்டப்பட்டன. ஓர் அட்டையின் விலை ஒரு ஷில்லிங். உழைப்பாளிக்கு அது எட்டாத விலை. நிறம் கல்லுக்கு மாறிய பிறகே அட்டை எல்லார் கைக்கும் வந்தது. பிரெஸ்லாவ் நகரில் பிறந்து, 1850இல் அமெரிக்கா சென்று, பாஸ்டனில் அச்சகம் நடத்திய லூயி பிராங், 1870களின் நடுவில் கிறிஸ்துமஸ் அட்டைகளை அங்கே பரப்பினார். ஒரே படத்துக்கு இருபது கற்கள் வரைகூட அவர் அச்சகத்தில் பயன்பட்டதுண்டு. நான்கே மைகளைக் கொண்டு எல்லா நிறத்தையும் தோற்றுவிக்கும் இன்றைய அச்சுக்குக் கிட்டாத ஆழம் பழைய அட்டையின் சிவப்புக்கு இருப்பது இதனால்தான்: அந்தச் சிவப்பு கண்ணை ஏமாற்றும் கலவை அன்று, குழைத்து எடுத்த மையே.

மலிந்ததும் சொல்லின் மதிப்பு இறங்கியது. 1874இல் நியூயார்க் வார இதழ் ஒன்றின் ஆசிரியர் கோட்கின், மேலோட்டமான பண்பாட்டைச் சாடிக் 'குரோமோ நாகரிகம்' என்று தலையங்கமே எழுதினார். நம் ஊரில் ஓர் ஓவியத்தை மட்டம்தட்ட 'காலண்டர் படம் மாதிரி இருக்கிறது' என்பார்களே, அதே தொனிதான். இரண்டு ஏளனங்களும் கற்களில் புள்ளி வைத்தவரின் உழைப்பைக் கணக்கில் எடுத்ததில்லை என்பது என் மனக்குறை.

தமிழில் என்ன சொல்லலாம்? உறுப்புக்கு உறுப்பு பெயர்த்தால் நிறக்கல்லெழுத்து என்று வரும். அது தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். கல்லெழுத்து என்றதும் தமிழர் நினைவுக்கு வருவது கோயில் சுவரில் உளியால் வெட்டியது. இத்தொழிலிலோ உளிக்கு வேலையே இல்லை. கல்லச்சு என்பதே சரி. அச்சுவெல்லத்திலும் அச்சுக்கூடத்திலும் உள்ள அச்சு, ஒன்றிலிருந்து பலவற்றை எடுப்பதைத் தெளிவாகச் சொல்கிறது. செனஃபெல்டர் வைத்த ஜெர்மன் பெயருக்கும் அதுவே நேர். அடைமொழியில்தான் கவனம் தேவை. வண்ணக் கல்லச்சு என்று சிலர் எழுதுவது பிழையில்லை என்றாலும், கறுப்புப் படத்தின்மீது ஒரே ஒரு சாயலை ஏற்றிய கல்லச்சும் அதற்குள் அடங்கிவிடும். நிறங்களின் பன்மையே இத்தொழிலின் உயிர் என்பதால், பல், நிறம் இரண்டும் புணர்ந்த பன்னிறக் கல்லச்சு என்பதை நான் தேர்கிறேன். அச்சிட்ட பொருளைச் சுட்டும்போது பன்னிறக் கல்லச்சுப் படம் எனலாம்.

ஓலியோகிராஃப் என்பது இதன் கிளை: பன்னிறக் கல்லச்சுப் படத்துக்கு மெருகெண்ணெய் பூசி, துணியின் இழைபோல் அழுத்தமும் கொடுத்து, எண்ணெய் ஓவியம்போல் தோன்றச் செய்வது. ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் லட்சுமியும் சரஸ்வதியும் தமிழ் வீடுகளின் பூசையறைக்கு அவ்வழியாகவே வந்தனர். அதற்கு நெய்யோவியப் போலி என்று பெயரிடத் தோன்றினாலும், வீட்டில் விளக்கேற்றி வணங்கும் படத்தைப் போலி என்று சொல்ல நா எழவில்லை. ஓலியோகிராஃப் அப்படியே இருக்கட்டும்.

இனி, சொல்லைக் கையாளும்போது: கோலின் 1843 அட்டை, கைவண்ணமிட்ட கல்லச்சு. பிராங்கின் அட்டை, பன்னிறக் கல்லச்சு. பிராங்கின் அதே ரோஜாவைப் படமெடுத்து இன்று கடையில் விற்கும் அட்டை, ஆஃப்செட் எனப்படும் மறுதோன்றி அச்சு. உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே, நான்கு மைகளின் புள்ளிகள் வட்ட வட்டமாக, ஒழுங்கான வரிசையில் நிற்கும்.