மூன்ஷைன்: நிலவொளியா, கள்ளச்சாராயமா?

1918-இல் வந்த ‘மூன்ஷைன்’ என்ற மௌன நகைச்சுவைப் படத்தின் பெயரை ‘நிலவொளி’ என்று தமிழாக்கினால் காதல் படமாகிவிடும். நகைச்சுவை நடிகர்கள் ராஸ்கோ ஆர்பக்கிளும் பஸ்டர் கீட்டனும் அமெரிக்காவின் வர்ஜீனியா மலைகளில் சாராயம் காய்ச்சுகிறவர்களைத் துரத்தும் இரண்டு ரீல் கூத்து அது. சரியான தமிழ், கள்ளச்சாராயம்.

இரவில் காய்ச்சியதால் வந்த பெயர் என்பார்கள். பாதிதான் சரி. 1785-இல் பிரான்சிஸ் குரோஸ் தொகுத்த ஆங்கிலக் கொச்சைச்சொல் அகராதியில், இங்கிலாந்தின் கென்ட், சசெக்ஸ் கரைகளுக்குக் கடத்திவந்த வெள்ளைப் பிராந்திக்கே இந்தப் பெயர். காய்ச்சினார்களா என்பதல்ல, தீர்வை கட்டினார்களா என்பதே கேள்வி. அமெரிக்காவில் 1862-இல் மதுத் தீர்வை திரும்ப வந்ததும் மலைக்காரர்கள் மக்காச்சோள ஊறலைச் செப்பு வாலையில் (வடிகலத்தில்) ராத்திரியில் காய்ச்சினார்கள். பகலில் புகை காட்டிக்கொடுத்துவிடும். ஆவி, குளிர்ந்த நீர்ப் பீப்பாய்க்குள் சுருளும் செப்புக் குழாயில் குளிர்ந்து சொட்டும். குழாய்க்குப் பதில் பழைய கார் ரேடியேட்டரை மாட்டினால் அதன் பற்றவைப்பிலுள்ள ஈயம் சரக்கில் இறங்கிவிடும்.

ஆகவே இதை ‘மதுவிலக்குக் காலச் சாராயம்’ என்று விளக்குவது பிழை. அமெரிக்காவில் நாடு தழுவிய மதுவிலக்கு 1920 ஜனவரி 17-இல்தான் தொடங்கியது. சொல்லும் படமும் அதற்கு முந்தியவை. ‘கள்ள’ என்பதும் இங்கே பனங்கள், தென்னங்கள்ளோடு சேர்ந்ததல்ல. கள்ளச்சாவி, கள்ளநோட்டு என்பதிலுள்ள அதே கள்ளம்தான்.

படத்தில் வரும் ‘ரெவென்யூ ஏஜென்ட்’டை ‘வருவாய்த்துறை அதிகாரி’ ஆக்கிவிடக் கூடாது. நம் வாசகருக்குத் தாசில்தார்தான் கண்ணில் நிற்பார்! ‘கலால் அதிகாரி’ பொருந்தும். அந்த அதிகாரிகளின் கார் நிற்கிறது. ஒருவர் இறங்குகிறார், இன்னொருவர், இன்னும் ஒருவர்... டஜன் கணக்கில் இறங்கியும் தீரவில்லை. லென்ஸின் ஒரு பாதியை மறைத்து, ஒரே பிலிமை இருமுறை ஓட்டி எடுத்த வித்தை. படத்தின் உச்சம் இதுதான். கதை சும்மா பேருக்கு.

‘பூட்லெக்கர்’ வேறு ஆள். பூட்ஸின் கால்பகுதிக்குள் குப்பியைச் செருகிப் போய் விற்றவர்களுக்கு வந்த பெயர். காய்ச்சுகிறவரைக் ‘கள்ளச்சாராயம் காய்ச்சுபவர்’ என்றும், இவரைச் ‘சாராயக் கடத்தல்காரர்’ என்றும் பிரித்து எழுதினால் குழப்பம் வராது.